முகமறியா மடல்கள்

காணாமலே நட்புக் கொள்ளுதல் இயலுமா என்னும் வினா தமிழர்க்குப் புதிதன்று. பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் கண்ணாற் காணாமலே உயிர் நண்பராயினர் எனப் புறநானூறு நமக்கு உரைக்கின்றது. சோழன் வடக்கிருந்தபோது, தன் நண்பர் தவறாது வருவார் என்று கூறி அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான். அவன் சொன்னவாறே அவரும் வந்தார். நட்பிற்கு உடனுறைதலும் பலகாற் பழகுதலும் வேண்டா, ஒத்த உணர்ச்சியே போதும் என்பது வள்ளுவர் கருத்து. அக்குறளுக்குப் பரிமேலழகர் காட்டும் சான்றும் இவ்விருவரே.

காணா நட்புக்கு இத்துணைச் சிறப்புத் தந்த தமிழ், மடலில் வெளிப்படும் அன்புக்கும் உரிய இடம் தந்துள்ளது. சிலப்பதிகாரத்து மாதவி, தாழையின் வெண்தோட்டில், பித்திகை அரும்பை எழுத்தாணியாகக் கொண்டு செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்தெழுதிக் கோவலனுக்கு ஓலை விடுத்தாள். அவன் அதனை ஏற்க மறுத்தான். அவள் மீண்டும் எழுதிய ஓலை, மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் கையால் அவனை அடைந்தது. அதனைப் படித்த பின்னரே அவள் குற்றமற்றவள் என்பதை அவன் உணர்ந்தான். பல்லாண்டு உடன் வாழ்ந்தும் விளங்காத ஓர் உள்ளம், ஓர் ஓலையில் விளங்கிற்று! பிற்காலத்தில் மறைமலையடிகள் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' என்னும் புதினத்தையே கடிதங்களால் கட்டினார். டாக்டர் மு.வ. அவர்களோ அன்னைக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நண்பர்க்கும் எழுதும் கடிதங்களாகவே தம் சிந்தனைகளைத் தந்தார்.

எனினும் முன்பின் அறியாத இருவர் மடலின் வழியாகவே காதலராகும் கதை, அதுவும் மேடையில் இசையோடு நடிக்கப்பெறும் கதை, அரிதாகவே காணப்படுகின்றது. அத்தகைய அயல்நாட்டு இசை நாடகம் ஒன்றை நம் துறை மாணவர் தமிழ் மேடைக்குக் கொணர முயன்றனர். அம்முயற்சியின்போது எழுந்த ஒரு வினாவே இக்கட்டுரையின் பொருள்.

நறுமணக் கடையில் ஒரு பூசல்

மிக்லோஷ் லாஸ்லோ என்பவர் அங்கேரி நாட்டு நாடக ஆசிரியர். நறுமணப் பொருள் விற்கும் கடையொன்றைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய நாடகம் 1937-ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரில் மேடையேறிற்று. அதற்கடுத்த ஆண்டே அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். கதையும் அவரோடு கடல் கடந்தது. எர்னஸ்ட் லுபிட்ஷ் 1940-இல் அதனைத் திரைப்படமாக்கினார். 1949-இல் அது மீண்டும் ஒரு படமாயிற்று. 1963-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராட்வே அரங்கில் 'ஷி லவ்ஸ் மி' என்னும் பெயரில் இசை நாடகமாய் அரங்கேறிற்று. ஜெரி பாக் இசையமைக்க, ஷெல்டன் ஹார்னிக் பாடல் புனைய, ஜோ மாஸ்டராஃப் உரையாடல் எழுத, ஹரால்ட் பிரின்ஸ் நெறியாளுகை செய்தார்.

கதை எளியது. மராசெக் என்பவரின் நறுமணக் கடையில் ஜார்ஜ் என்னும் இளைஞன் தலைமை விற்பனையாளன். அமாலியா என்னும் நங்கை அங்கே வேலை தேடி வருகிறாள். வந்த நாள்தொட்டு இருவர்க்கும் ஓயாத பூசல். அவள் சொல்வது அவனுக்குப் பிடிப்பதில்லை; அவன் செய்வது அவளுக்குப் பொறுப்பதில்லை. ஆனால் இருவரும் இரவில் தம் அறைக்குத் திரும்பி, பெயரறியாத ஓர் அன்பருக்கு மடல் எழுதுகின்றனர். அந்த அன்பர் வேறெவருமல்லர்; பகலில் எதிரெதிர் நின்று சினந்து பேசும் அவரே! ஜார்ஜின் மடல்கள் செல்வது அமாலியாவுக்கு. அமாலியாவின் மடல்கள் வருவது ஜார்ஜுக்கு. இவ்வுண்மை அவையோர்க்குத் தெரியும். மேடையில் நிற்கும் இருவர்க்குமோ தெரியாது.

இந்நாடகத்தில் நம்மைப் பெரிதும் ஈர்ப்பது கடையின் அன்றாட வாழ்வு. காலையில் பணியாளர் ஒவ்வொருவராய் வந்து சேர்வதற்கு ஒரு பாட்டு. பொருள் வாங்கியவர் வெளியேறுகையில் பணியாளர் அனைவரும் ஒரே குரலில் நன்றி கூறுவதற்கு ஓர் இசைத்தொடர். பெருநாள் நெருங்க நெருங்க வேலை மிகுவதைக் காட்டுவதற்கு ஒரு பாட்டு. உழைக்கும் மனிதரின் நாள் முழுவதும் அங்கே இசையாகின்றது. வேலை போய்விடுமோ என்னும் அச்சமும் முதலாளியின் ஐயமும் அக்காதற்கதையின் ஊடே ஓடிக்கொண்டே இருக்கின்றன.

ஒருநாள் மாலை இருவரும் ஓர் உணவகத்தில் நேரிற் சந்திப்பதென மடலில் முடிவாகின்றது. அடையாளம் ஒரு புத்தகமும் ஒரு ரோசா மலரும். வேலையிழந்து மனம் உடைந்த நிலையில் அங்குச் செல்லும் ஜார்ஜ், புத்தகத்தோடும் மலரோடும் அமர்ந்திருப்பவள் அமாலியா என்பதைக் கண்டு திகைக்கிறான். உண்மையைச் சொல்லாமல், தற்செயலாய் வந்தவன்போல் அவள் எதிரே அமர்கிறான். மீண்டும் பூசல்! அவன் எழுந்து போன பின்னும் அவள் வராத அன்பருக்காக நெடுநேரம் காத்திருக்கிறாள்.

மறுநாள் அவள் நோயுற்றாளெனக் கேட்டு, ஜார்ஜ் வெண்ணிலா ஐஸ்கிரீமோடு அவள் அறைக்குச் செல்கிறான். அவன் சென்ற பின் அவள் பெயரறியா அன்பருக்கு மடல் எழுத அமர்கிறாள். எழுதுகோலோ மடலை விட்டு, ஐஸ்கிரீம் கொண்டுவந்தவனைப் பற்றியே நினைக்கின்றது. எழுதும் மடலுக்கும் எழும் நினைவுக்கும் இடையே அவள் தடுமாறும் அப்பாடலே நாடகத்தின் உச்சம் என்பது நம் எண்ணம். மடலில் வாழ்ந்த மனிதனை விட முன்னே நின்ற மனிதன் மெய்யாகத் தொடங்கும் கணம் அது. இறுதியில், கிறித்துமசுக்கு முந்திய இரவில், ஜார்ஜ் அவளது மடலின் சொற்களை அவளிடமே சொல்லித் தன்னை வெளிப்படுத்துகிறான்.

நம் மேடையும் இக்கதையும்

அயல்நாட்டுக் கதையெனினும் இதன் கட்டமைப்பு நமக்கு அயலானதன்று. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்த இசை நாடகங்களுள் தமிழகத்துச் சிற்றூர்தோறும் இன்றும் மிகுதியாக நடிக்கப்பெறுவது 'வள்ளி திருமணம்'. தினைப்புனம் காக்கும் வள்ளி, தான் காணாத முருகனை மனத்தில் வரித்திருக்கிறாள். முருகனோ வேடனாய், பின்னர்க் கிழவனாய் வேடம் புனைந்து அவள் முன் வருகிறான். வந்தவனோடு அவள் கடிந்து வாதிடுகிறாள். 'தர்க்கம்' எனப்படும் அப்பகுதிக்காகவே விடியுமட்டும் கண்விழித்திருப்போர் பலர். அவள் வெறுத்துப் பேசுவதும் ஒருவனையே; விரும்பிக் காத்திருப்பதும் அவனையே. புடாபெஸ்ட் கடையில் நிகழ்வதும் இதுவேயன்றோ? அங்கு மடல் செய்யும் வேலையை இங்கு வேடம் செய்கின்றது.

மேடையும் இசையும் தமிழ் முசுலிம்களுக்கும் அயலானவை அல்ல. இசுலாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் புரட்டுவோர் 'அலிபாதுஷா நாடகம்' முதலான நாடக நூல்களின் பெயர்களைக் காண்பர். பாட்டும் வசனமும் கலந்த அந்நாடகங்கள், நம் முன்னோர் கதையை இசையோடு கேட்டு மகிழ்ந்தனர் என்பதற்குச் சான்று.

மடல் வழிக் காதலைத் தமிழ் மக்கள் பெருந்திரளாய்க் கண்டது 1996-ஆம் ஆண்டில். அகத்தியன் இயக்கிய 'காதல் கோட்டை' அவ்வாண்டு வெளிவந்தது; சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதினை அவருக்கு ஈட்டித் தந்தது. தொலைந்துபோன கல்விச் சான்றிதழ்களைக் கண்டெடுத்த ஓர் இளைஞன், அவற்றை உரியவளுக்கு அஞ்சலில் அனுப்பி வைக்கிறான். நன்றிக் கடிதத்தில் தொடங்கும் தொடர்பு, முகம் காணாமலே காதலாய் முதிர்கின்றது. பின்னர்ச் சென்னையில் அவன் ஓட்டும் ஆட்டோவில் அவளே வந்து அமர்கிறாள். ஆயினும் அவள் எவளென அவனுக்குத் தெரியாது. அவன் எவனென அவளுக்குத் தெரியாது. படத்தின் இறுதிக் காட்சி வரை இருவரும் ஒருசேர அறியாதவராகவே இருக்கின்றனர். இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். இதன் பொருள் பின்னர் விளங்கும்.

ஒரகடத்துச் சாலையில்

'காதல் கோட்டை' வெளிவந்த அதே 1996-ஆம் ஆண்டில்தான் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கால் கொண்டது. 1998-இல் அங்கிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-இல் நோக்கியா கைப்பேசி ஆலை வந்தது, பல்லாயிரவர்க்கு, அதிலும் இளம்பெண்களுக்கு வேலை தந்தது, 2014-இல் மூடப்பட்டது. தெற்கே ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் சரக்குந்து ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் தொடங்கின. இராமானுசர் பிறந்த ஊர் என்று அறியப்பட்டிருந்த ஒரு சிற்றூர், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் இயந்திரங்களின் நாடாயிற்று.

நாம் ஸ்ரீபெரும்புதூரிற் குடியிருந்து கல்லூரிக்குச் சென்று வருபவர். விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும்போது கம்பெனி பஸ்கள் வரிசையாய்ச் செல்வதைக் காண்போம். இரவு ஷிப்டு முடித்தவர் சன்னலிற் சாய்ந்து உறங்கியபடி ஒரு பக்கம் செல்ல, காலை ஷிப்டுக்குச் செல்வோர் எதிர்ப்பக்கம் விரைவர். திருவாரூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் அவர்கள். எட்டு மணி நேரம் தோளோடு தோள் நின்று ஒரே லைனில் வேலை செய்வோர், அருகில் நிற்பவர் எவ்வூரினர், எதை நினைத்து வருந்துகிறார், எதற்குச் சிரிப்பார் என்று அறிவதில்லை. பேச அங்கே நேரமில்லை. பேசினாலும் இயந்திர ஒலியிற் கேட்பதில்லை. நறுமணக் கடையின் ஜார்ஜும் அமாலியாவும் இச்சாலையில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர்.

நம் கல்லூரி விழாக்களுக்குத் தவறாது வருகை தரும் பெரியவர் ஒருவர் இப்பகுதியில் அஞ்சற்காரராய்ப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆலைகள் வரத் தொடங்கிய அக்காலத்தை அவர் வாயாற் கேட்பது தனி இன்பம். வாடகை அறையொன்றில் ஆறேழு இளைஞர் தங்கியிருப்பர். மடல்கள் அனைத்தும் வீட்டு உரிமையாளர் பெயரைத் தாங்கியே வரும். எந்த மடல் எவருக்குரியது என்பதைக் கையெழுத்தைக் கொண்டே தாம் சொல்லிவிடுவதுண்டு என்பார். தாய் எழுதுவது போஸ்ட் கார்டில். மணம் பேசி முடித்த பெண் எழுதுவது நீலநிற உள்நாட்டு அஞ்சல் மடலில். அதன் மூன்று மடிப்பையும் பசையால் அழுத்தி ஒட்டியிருப்பாள். ஊரிலிருந்து மடல் வரப்பெறாத இளைஞன், இரண்டு வாரமாய் நாள்தோறும் வாயிலில் நின்று வெறுங்கையோடு உள்ளே சென்றதைச் சொல்லும்போது அவர் குரல் தாழும்.

இன்று அம்மடல்கள் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கின்றது. வல்லம் வடகாலில் சிப்காட் வளாகத்தில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பொன்று, 706.50 கோடி ரூபாய்ச் செலவில் எழுப்பப்பெற்று, 2024-ஆம் ஆண்டு ஆகத்து 17-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. ஒரு சிறு நகரத்தின் மக்கள் தொகைக்கு நிகரான பெண்கள், பெற்றோரை விட்டு, உற்றாரை விட்டு, ஒரே வளாகத்தில்! அவர்கள் படிக்கும் செய்திகளும் எழுதும் செய்திகளும் எத்தனை எத்தனை! முகமறியா மடல்களின் காலம் முடிந்துவிடவில்லை. அது வடிவம் மாறியுள்ளது. நியூயார்க் நாடகத்தின் கதையையே 1998-இல் 'யூ ஹேவ் காட் மெயில்' என்னும் படமாக எடுத்தபோது தாளுக்குப் பதில் கணினி வந்ததும் இதனாலேயே.

ஒருவர் அறிய, ஒருவர் அறியாமல்

நம் துறையின் தமிழ் மன்றத்தில் இக்கதையை நாம் சொன்னபோது மாணவர் பெரிதும் மகிழ்ந்தனர். கடையை ஒரகடத்து ஆலையாக்கலாம், மாத இதழின் 'பேனா நட்பு'ப் பகுதி வழியே இருவரும் மடல் எழுதுவதாகக் கதையை 1990-களின் இறுதியில் நிறுத்தலாம், ஆர்மோனியமும் தபலாவும் போதும் என்றெல்லாம் திட்டமிட்டனர். விழாக் குழுவிற் பெரியவர் சிலர்க்குத் தயக்கம் இருந்தது. "கல்லூரி மேடையில் காதல் மடலா? வேலைக்குச் சென்றிருக்கும் எம் பெண்மக்களின் பெற்றோர் இதனைக் கண்டால் என்ன நினைப்பர்?" என்று ஒருவர் வினவினார். அவ்வினாவில் கடுமையைக் காட்டிலும் கவலையே மிகுந்திருந்தது. கவலைக்குக் காரணமும் உண்டு.

நம் பழைய மாணவி ஒருவர் ஒரகடத்து ஆலையொன்றில் தரச் சோதனைப் பிரிவிற் பணிபுரிகிறார். அவர் தம் அறைத்தோழியைப் பற்றி நம்மிடம் கூறியது இது. அத்தோழியின் கைப்பேசிக்கு அறியாத எண்ணிலிருந்து நாள்தோறும் தமிழ்க் கவிதை வரிகள் வந்தன. தகாத சொல் ஒன்றும் இல்லை. இரவு ஷிப்டு முடித்து வரும் நாளில் 'களைப்பாய் இருப்பீர்கள், உறங்குங்கள்' என்று வரும். ஊரில் தந்தைக்கு உடல் நலிந்த வாரத்தில் ஆறுதல் மொழி வரும். அப்பெண் முதலில் வியந்தாள். பிறகு அவ்வரிகளுக்காகக் காத்திருந்தாள். சில மாதங்களுக்குப் பின்னரே ஓர் ஐயம் எழுந்தது: தன் ஷிப்டு எப்போது முடியும் என்பது இவனுக்கு எவ்வாறு தெரியும்? வினவி வினவி அறிந்தபோது, அவள் வழக்கமாய் ரீசார்ஜ் செய்யும் கடையிலிருந்து அவளது எண் சென்றிருந்தது தெரிய வந்தது. எழுதியவன் அவள் நாள்தோறும் ஏறும் பஸ்ஸிலேயே, அவளுக்கு இரண்டு இருக்கைக்குப் பின்னே அமர்ந்து வந்தவன்.

அவன் தீங்கு ஏதும் செய்யவில்லை என்று சிலர் கூறலாம். அப்பெண்ணுக்கோ அன்றிரவு முதல் உறக்கம் இல்லை. தன்னை ஒருவன் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். தனக்கோ அவன் முகம் தெரியாது. வீட்டிற்குச் சொன்னால் வேலையை விட்டு வரச் சொல்லிவிடுவர். சொல்லாமலும் இருக்க இயலவில்லை. அவளது சம்பளத்தில்தான் தம்பியின் படிப்பு நடக்கின்றது. எண்ணை மாற்றினாள், பஸ் ஏறும் இடத்தை மாற்றினாள், கவிதை படிப்பதையே நிறுத்திவிட்டாள். அக்கடைசிச் செய்தியைக் கேட்டபோது, தமிழ் பயிற்றுவிப்பவர் என்னும் முறையில் நம் நெஞ்சு வருந்தியது.

இந்நிகழ்ச்சியைப் பெயரும் இடமும் சுட்டாமல் மன்றத்தில் நாம் கூறினோம். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் எழுந்தார். "ஐயா, அந்த பஸ்ஸில் வந்தவனுக்கும் நாடகத்து ஜார்ஜுக்கும் என்ன வேறுபாடு? உணவகத்திற் கண்ட அன்றே ஜார்ஜுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அமாலியாவுக்கு ஒன்றும் தெரியாது. அவன் அவளை அறிந்துகொண்டே அவளிடம் பழகுகிறான். அவள் மனத்தைச் சோதிக்கிறான். இதனைக் காதல் என்று கைதட்டலாமா?" என்று கேட்டார்.

இவ்வினா நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது. ஜார்ஜ் தீயவன் அல்லன். அவன் வெட்கத்தினாலும் அச்சத்தினாலும் மறைக்கிறான்; அவளை மகிழ்விக்கவும் முயல்கிறான். பஸ்ஸில் வந்தவன் தொடக்கத்திலிருந்தே களவாய்ப் பெற்ற எண்ணைக் கொண்டு எழுதியவன். ஜார்ஜோ நேர்மையாய்த் தொடங்கிய மடலின் நடுவில் தற்செயலாய் அறிந்தவன். இவ்வேறுபாடு உண்மையே. ஆயினும் அறிந்த பின் இருவரும் நின்ற நிலை ஒன்றே. வேடம் புனைந்த முருகனை நாம் ஏற்பது அவன் தெய்வம் என்பதனால். மனிதன் அவ்வாறு நிற்க உரிமை உடையனா? இக்கதையைத் தழுவிய படங்கள் பல வந்துள்ளன. 1940-இலும் 1949-இலும் 1998-இலும் முதலில் அறிபவன் ஆண்; இறுதியில் அறிபவள் பெண். மேடையிலும் அவ்வாறே. 'காதல் கோட்டை' ஒன்றே இருவரையும் ஒரே இருளில் வைத்து ஒரே ஒளியில் நிறுத்தியது. அப்படத்தைப் பார்த்த தமிழ்ப் பெண்கள் அஞ்சாமல் மகிழ்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

முகம் காணா அன்பு உயர்ந்தது என்று நாம் பாராட்டுவது எதனால்? அழகும் செல்வமும் சாதியும் ஊரும் குறுக்கிடாமல் உள்ளம் உள்ளத்தோடு பேசுவதனால் அன்றோ? அவ்வுயர்வு இருவர்க்கும் முகம் மறைந்திருக்கும் வரையிலேதான். ஒருவர் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு மற்றவரைத் திரைக்குப் பின்னே நிறுத்திவைத்தால், சொற்கள் எத்துணை இனியவையாயினும் அது சமன் குலைந்த உறவே. பிசிராந்தையாரும் சோழனும் இருவருமே காணாதவர். அதனாலேயே அவர் நட்பு நட்பாயிற்று.

மாணவர் செய்த மாற்றம்

நாடகத்தை விட்டுவிடுவதா, உள்ளபடியே நடிப்பதா என்னும் ஐயத்திற்கு மாணவரே விடை கண்டனர். ஆலைக் கதையாய் மாறிய அவர்களது நாடகத்தில் நாயகன் தேநீர்க் கடையில் நாயகியைக் கண்டு திகைக்கிறான், எதிரே அமர்கிறான், பூசலும் நிகழ்கின்றது. ஆனால் அன்றிரவே அவன் அவளுக்கு ஒரு மடல் எழுதுகிறான். அதன் கருத்து இது: நான் உங்களைப் பார்த்துவிட்டேன், நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, இது முறையன்று. வரும் ஞாயிறு காலை ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் இதே இதழைக் கையில் ஏந்தி நிற்பேன். தொலைவிலிருந்து என்னைப் பாருங்கள். விருப்பமாயின் வாருங்கள், இல்லையேல் அப்படியே சென்றுவிடுங்கள். நான் உங்களைத் தேடி வரமாட்டேன். ஆலையில் இது பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்.

நாடகத்தின் பிற்பாதி முழுவதும் இப்போது அவள் கையில் வந்துவிட்டது. ஞாயிறன்று அவள் தொலைவில் நின்று பார்க்கிறாள். நிற்பவன் நாள்தோறும் தன்னைக் கடிந்துகொள்ளும் மேற்பார்வையாளன்! அவள் முதலிற் சினக்கிறாள். பிறகு அவன் மடல்களை நினைக்கிறாள். அவனது கடுமொழிகளை நினைக்கிறாள். இரண்டும் ஒருவன் சொற்களே என்பதை ஏற்க முயல்கிறாள். மூலநாடகத்தில் ஐஸ்கிரீமைப் பற்றிய பாட்டு நிற்கும் இடத்தில், போவதா திரும்புவதா என்று அவள் தனக்குத் தானே பாடும் ஒரு பாட்டை மாணவர் அமைத்தனர். கீழே அவன் வெயிலில் நின்று கொண்டே இருக்கிறான். பஸ்கள் வருகின்றன, போகின்றன. முதன்முறையாக அவன் அறியாதவனாகவும் அவள் அறிந்தவளாகவும் நிற்கின்றனர். அவள் சாலையைக் கடக்க ஓர் அடி எடுத்து வைப்பதோடு திரை விழுகின்றது.

நாற்பது நிமிடம் நிகழ்ந்த அந்நாடகத்தை மன்றக் கூட்டத்தில், விழாக் குழுப் பெரியவர்கள் முன்னிலையில், முன்னோட்டமாய் நடித்துக் காட்டினர். ஆர்மோனியத்தில் ஓரிரு இடங்களிற் சுருதி நழுவியது. ஆலைச் சங்கொலிக்கு வைத்திருந்த கருவி ஒலிக்கவே இல்லை. அவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. முடிவில் ஓய்வு பெற்ற அஞ்சற்காரப் பெரியவர் எழுந்தார். "எங்கள் துறையில் மடல் எழுதுவோர்க்கு நாங்கள் ஒன்றை வலியுறுத்திச் சொல்வதுண்டு. பெறுநர் முகவரியோடு அனுப்புநர் முகவரியையும் எழுதுங்கள் என்போம். அது இல்லாத மடல் உரியவரை அடையாவிட்டால் திரும்பி வருவதற்கு வழியே இல்லை. இந்தப் பையன் அனுப்புநர் முகவரி எழுதிய பையன்" என்று கூறி அமர்ந்தார். நாடகம் விழா மேடையேற இசைவு கிடைத்தது. தயங்கிய பெரியவர் ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்தார்: நாடகம் தொடங்குமுன், அறியாத எண்ணிலிருந்து செய்தி பெறும் பெண்கள் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை மேடையில் அறிவிக்க வேண்டும் என்பது அது. அதனை மாணவர் மகிழ்வோடு ஏற்றனர்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுட் பலர் இச்சாலையின் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரியச் செல்வீர்கள். உங்கள் விரல் நுனியில் மடலினும் விரைந்து செல்லும் சொற்கள் இருக்கும். அவற்றை எழுதுமுன் இரண்டை எண்ணிப் பாருங்கள். அவர் என்னை அறிவாரா, நான் அவரை அறிந்த அளவுக்கு? இல்லையெனில், முதலில் உங்கள் பெயரையும் முகத்தையும் அவர் முன் வையுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர் உரிமை எனக் கொள்ளுங்கள். மற்றொன்று, முகமறியாதவர்க்கு எழுதும் பரிவான சொல்லுள் ஒன்றையேனும் பக்கத்தில் நின்று வேலை செய்பவர்க்குச் சொல்லுங்கள். ஜார்ஜும் அமாலியாவும் இரவில் மடலில் எழுதியதைப் பகலில் ஒருவர்க்கொருவர் சொல்லியிருந்தால் அக்கடையில் பூசலுக்கே இடம் இருந்திராது.

பெற்றோரும் பெரியோரும் அன்புகூர்ந்து ஒன்றை எண்ண வேண்டும். அஞ்சிய பெண் வீட்டிற்குச் சொல்லத் தயங்கியதற்குக் காரணம், சொன்னால் வேலை போய்விடும் என்னும் எண்ணமே. 'வந்துவிடு' என்று சொல்வதற்கு முன் 'என்ன நடந்தது, சொல்' என்று கேட்கும் வீடு இருக்குமாயின், தொலைவில் உழைக்கும் மகளுக்கு அதனினும் பெரிய காவல் இல்லை. அவள் வேலையும் நிலைக்கும். தம்பியின் படிப்பும் தொடரும். கவிதை படிக்கும் மனமும் அவளுக்கு மீளும்.